தூங்கினபிறகு எண்ணச் சொன்னார்

டிசம்பரில் ரங்கூனிலும் விடியற்காலை குளிரும். அந்தக் குளிரிலும் என் மகள் கன்னத்தில் பூசிய தனக்கா என்ற மரப்பட்டைச் சாந்து வேர்வையில் கோடு கோடாக வழிந்திருக்கும். தினமும் பார்த்தேன், துடைத்துவிட்டுத் திரும்பப் பூசினேன். அதற்குமேல் எதுவும் தோன்றவில்லை.

என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் அவள் கோபம்தான். 11 வயது. ஜூனில் பள்ளி திறந்தபோது நன்றாக இருந்த பிள்ளை, தீபாவளிக்குள் வேறு ஆளாகிவிட்டாள். தம்பி பென்சிலைத் தொட்டான் என்று சோற்றுத் தட்டை விசிறியடிப்பாள். பத்து நிமிஷத்தில் என் மடியில் விழுந்து தேம்புவாள். ஏன் அழுகிறாய் என்று கேட்டால் "தெரியலம்மா". வகுப்புச் சயாமா, அதாவது டீச்சர், கூப்பிட்டு அனுப்பினார். ஒரு இடத்தில் உட்காருவதில்லை, எழுத்தும் கெட்டுவிட்டது என்று நோட்டைக் காட்டினார். பர்மிய எழுத்து வட்டம் வட்டமாக வருமே, அந்த வட்டங்கள் எல்லாம் நெளிந்து நடுங்கிக் கிடந்தன. சோம்பேறித்தனம் என்று அதற்கும் திட்டினேன்.

வீட்டில் ஆளுக்கொரு காரணம். கண்ணேறு என்றார் அப்பத்தா. பீலிக்கான் முனீஸ்வரர் கோயிலுக்குப் போய்க் கயிறு கட்டிக்கொண்டு வந்தோம். "பெரிய மனுஷி ஆகப்போறா, அப்படித்தான் இருக்கும்" என்றாள் நாத்தனார். பக்கத்து கிளினிக்கில் பூச்சி மாத்திரையும் ஒரு சத்து டானிக்கும் கொடுத்தார்கள். காலையில் இரண்டு கிண்ணம் மொஹிங்கா, மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ், சாப்பிட்டுவிட்டுப் போகிறவள், பள்ளி விட்டு வந்ததும் பசி பசி என்பாள். ஆனாலும் பள்ளிக்குக் கட்டும் பச்சைத் தமேன், அந்த நீளப் பாவாடை, இடுப்பில் நிற்கவில்லை. இரண்டு தடவை கொக்கியைப் பிரித்துத் தைத்தேன். உயரமாகிறாள், அதனால் இளைக்கிறாள் என்று நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

ஒரு ராத்திரி கரண்ட் இல்லை. போர்வையை உதைத்துத் தள்ளி, ஜன்னலைத் திற, திற என்று கத்தினாள். கொசு வரும் என்றேன். கத்தல் நிற்கவில்லை. அறைந்துவிட்டேன்.

அதற்கு அடுத்த வாரம்தான் குழந்தை டாக்டர் ஒருவரிடம் போனோம். கோபத்தைப் பற்றி அவர் அதிகம் கேட்கவில்லை. குறட்டை விடுவாளா? நடுவில் சில விநாடி வெறித்துப் பார்ப்பாளா? தண்ணீர் அதிகம் குடிக்கிறாளா? ஆஸ்துமாவுக்கு மான்டிலூகாஸ்ட் மாதிரி மாத்திரை ஏதாவது கொடுக்கிறீர்களா? தூக்கம் கெட்டாலும், வலிப்பு வேறு உருவில் வந்தாலும், சர்க்கரை ஏறினாலும் இறங்கினாலும், சில மருந்தாலும்கூடப் பிள்ளைகளின் குணம் இப்படி மாறுமாம். பிறகு அவளைக் கை நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்தார். மின்விசிறி ஓடவில்லை. தாளின் ஓரம் மட்டும் படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது.

நாடி நிமிஷத்துக்கு 126. "என்னைப் பார்த்துப் பயந்தும் இருக்கலாம். ராத்திரி நல்லாத் தூங்கினபிறகு எண்ணிப் பாருங்க. பயம்னா தூக்கத்தில் இறங்கிடும்" என்றார்.

அன்று ராத்திரி போன் வெளிச்சத்தில் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அரை நிமிஷத்துக்கு 57. தப்பாக எண்ணிவிட்டேன் என்று மறுபடி எண்ணினேன், 58. நிமிஷத்துக்கு 116. இந்த வயதில் விழித்திருக்கும்போதே 70-லிருந்து 100-க்குள் இருக்கவேண்டியது. அந்த வெளிச்சத்தில்தான் கழுத்தின் கீழ்ப்பக்கம், சங்கிலி கிடக்கும் இடம், லேசாகப் புடைத்திருப்பதையும் பார்த்தேன். பிள்ளை ஓடிக்கொண்டே தூங்கியிருக்கிறாள்.

ரத்தப் பரிசோதனையில், கழுத்திலிருக்கும் தைராய்டுச் சுரப்பியைத் தூண்டும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோன் 0.01-க்கும் கீழே. பொதுவாக 0.4-லிருந்து 4 வரை இருக்குமாம். தைராய்டு சுரக்கும் ஃப்ரீ டி4 ஏகத்துக்கும் ஏறியிருந்தது. கிரேவ்ஸ் நோய் என்றார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைப் போட்டு விரட்ட, அது நிறுத்தாமல் சுரந்துகொண்டே இருக்கிறது. வேர்வை, பசி, நடுக்கம், தூக்கமின்மை, அழுகை, ஆத்திரம் எல்லாம் அதன் வேலை. பெண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வருமாம்.

அந்தச் சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை தொடங்கினார்கள். மூச்சிழுப்பு இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, படபடப்புக்குச் சில வாரம் புரோபிரனலால். கூடவே ஒரு கண்டிப்பு: காய்ச்சலோ தொண்டைவலியோ வாய்ப்புண்ணோ வந்தால் கார்பிமசோலை நிறுத்திவிட்டு அன்றைக்கே ரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். இந்த மருந்து அபூர்வமாக வெள்ளணுக்களை அடியோடு குறைத்துவிடும். ஜனவரியில் ஒரு நாள் தொண்டை வலிக்கிறது என்றாள், ஓடினோம். எண்ணிக்கை சரியாக இருந்தது, வெறும் சளிதான். இருந்தாலும் அந்த முடிவு வருகிறவரை நான் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

நடுக்கம் சீக்கிரமே அடங்கியது. மனசு அடங்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. மாத்திரை இரண்டு வருஷமாவது தொடரவேண்டும், சிலருக்கு இன்னும் நீளும் என்றிருக்கிறார்கள். சயாமாவிடம் ரிப்போர்ட்டைக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் அவளை ஜன்னலோரம் மாற்றி உட்காரவைத்தார்.

அறைந்ததற்கு மன்னிப்பு கேட்டேன். "எப்ப?" என்றாள். மறந்துவிட்டாளா, எனக்காக அப்படிச் சொன்னாளா தெரியவில்லை.

போன வாரம் போனைப் பிடுங்கினதற்குக் கதவை அறைந்து சாத்தினாள், வீடே அதிர்ந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவள் தூங்கினபிறகு போய் மெல்லக் கையைப் பிடித்து எண்ணினேன். அரை நிமிஷத்துக்கு 39, நிமிஷத்துக்கு 78. சரி, இது அவளுடைய சொந்தக் கோபம்தான். காலையில் எழுந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று விளக்கை அணைத்தேன்.