எத்தனை வரி ஏறியிருக்கு?

செப்டம்பர் 5

அத்தைக்குக் கீழே கட்டுகிற அறைக்கு எத்தனை செங்கல் வேண்டுமென்று ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து மறுபடியும் கணக்குப் போட்டேன். மேற்கில் பழைய சுவரே இருக்கிறது. தெற்கும் வடக்கும் 10¾ அடி, கிழக்கு 12. மொத்தம் 33½ அடி, உயரம் 10. 335 சதுர அடி. கதவுக்கும் இரண்டு ஜன்னலுக்கும் 53 கழிந்தது, அவற்றின் மேலே வரும் லிண்டல் உத்திரத்துக்கு 17. மிச்சம் 265. ஒன்பது அங்குலச் சுவருக்குச் சதுர அடிக்கு 9 கல் என்றால் 2385. உடைசலுக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்தாலும் 2505. மேஸ்திரி அண்ணன் "மூவாயிரம் இறக்கிடும்மா, ஒரு லோடு" என்கிறார். சதுர அடிக்குப் பத்து போடுவார்களாம், லிண்டலைக் கழிக்க மாட்டார்களாம். அப்படியும் 2820 தானே? மிச்சக் காசு அத்தையின் பிசியோவுக்கு ஆகும்.

செப்டம்பர் 8

மூவாயிரமும் ஒரே லோடாக வந்தது. மேலடுக்குக் கல் இரண்டை மோதினால் ணங்கென்கிறது. அடியில் இருந்ததை மோதினேன், டப்பென்றது. நகத்தால் கீறினால் கோடு விழுகிறது. ஒவ்வொன்றிலும் ஒரு கல்லை மளிகைக்கடைத் தராசில் நிறுத்துத் தொட்டியில் போட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 9

மேல் கல் 3 கிலோ 50 இருந்தது, 3 கிலோ 480 ஆகியிருக்கிறது. குடித்த தண்ணீர் நூற்றுக்கு 14. அடிக்கல் 2 கிலோ 900 இருந்தது 3 கிலோ 600. நூற்றுக்கு 24! 20-ஐத் தாண்டவே கூடாது. சூளைக்காரர், "ஓரத்துல அடுக்குன கல்லும்மா, கொஞ்சம் வேகாமத்தான் இருக்கும்" என்கிறார். வேகாத கல்லை என் அத்தை படுக்கிற அறைச் சுவரில் வைக்க முடியாது. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து 400 கல் திருப்பி அனுப்பினேன். கை இன்னும் வலிக்கிறது. 2600 நிற்கிறது. என் கணக்குக்குப் போதும்.

செப்டம்பர் 12

4 வரி கல் ஏறியிருக்கிறது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து அத்தை பேசினார். முதல் கேள்வியே, "எத்தனை வரி ஏறியிருக்கு?"

செப்டம்பர் 13

காய்ந்த கல்லையே எடுத்து வைக்கிறார்கள். காய்ந்த கல் கலவையிலிருக்கும் தண்ணீரைக் குடித்துவிடும், சிமெண்ட் இறுகாமல் பொடியாய் நிற்கும். நானே டிரம்மில் போட்டுக் கொடுத்தேன், குமிழி அடங்கும்வரை. கல்லில் எழுத்து பொறித்த பள்ளம் மேலே பார்க்கிறதா என்றும் நின்று பார்த்தேன். சித்தாள் அக்கா, "நீ போய் சாப்பிடு தங்கச்சி, நான் பாத்துக்கிறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அழுகை வந்தது.

செப்டம்பர் 14

14 வரி. இன்றே லிண்டல் மட்டத்துக்கு ஏற்றிவிடலாம் என்றார்கள். ஒரே நாளில் அவ்வளவு ஏற்றினால் ஈரக் கலவை பாரம் தாங்காது. வேண்டாமென்றேன். பேச்சு கொஞ்சம் தடித்துவிட்டது.

செப்டம்பர் 15

மேற்குச் சுவர். தூங்கவிடாத சுவர்.

தாத்தா காலத்துச் சுண்ணாம்புக் காரைச் சுவர். தரையிலிருந்து மூன்றடிக்கு உப்பு பூத்துக் கிடக்கிறது. அஸ்திவாரத்தில் ஈரத்தடுப்பு கிடையாது, மண்ணின் ஈரம் உப்பையும் சுமந்துகொண்டு ஏறுகிறது. முன்பு யாரோ அதன்மேல் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்புக் காரை வழியாக ஈரம் வெளியேறிக்கொண்டிருந்திருக்கும். சிமெண்ட் அதை அடைத்துவிட்டது. உப்பெல்லாம் கல்லுக்குள்ளேயே தங்கிவிட்டது. இன்று பூச்சைக் கொத்தினோம், பின்னாலேயே கல் மாவாக உதிர்ந்தது. உள்ளங்கையில் அள்ளிப் பார்த்தேன். அத்தை கல்யாணமாகி வந்தபோது சாய்ந்து நின்ற சுவர் இது.

அண்ணன் நிதானமாகச் சொன்னார்: "ஒரு கல்ல எடுத்தா ஒரு கல்ல வைக்கணும். பக்கத்துக் கல்ல அன்னிக்குத் தொடக்கூடாது." புதுச்சுவருக்கு இறக்கிய சேம்பர் கல் தடிமன், இந்தச் சந்தில் நுழையாது. இடித்த வீட்டுச் சாமான் கடையில் பழைய சன்னக் கல் கிடைத்தது. கலவைக்குச் சுண்ணாம்புதான். கடுக்காயும் வெல்லமும் ஊறப்போட்டேன். நேற்றுத் தடித்த பேச்சுக்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

செப்டம்பர் 17

மழை. தார்ப்பாய் பறந்துவிட்டது. இருட்டில் நானும் அக்காவும் கோணியைப் போட்டு மூடினோம்.

செப்டம்பர் 19

அத்தையை அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்கிறார்கள். பூச்சு, அதற்கு ஏழு நாள் தண்ணீர், பிறகு தரை. எப்படி எண்ணினாலும் போதவில்லை. மாடிப்படியில் இனி அவரை ஏற்ற மாட்டேன்.

செப்டம்பர் 21

23 வரி.

செப்டம்பர் 22

புதுச்சுவரும் பழைய சுவரும் சேருமிடம். பழையது உட்கார வேண்டிய அளவு உட்கார்ந்துவிட்டது, புதியது இனிமேல்தான் உட்காரும். விரிசல் அங்கேதான் விழும். இரண்டடிக்கு ஒரு கம்பி செருகியிருக்கிறார்கள். ஃபோனில் இவரிடம் சொன்னேன். "விரிசல் வந்தா பூசிக்கலாம்" என்றார். துபாயிலிருந்து பார்த்தால் எல்லாம் பூசிக்கொள்ளக் கூடியதுதான் போல. கோபமாக இருக்கிறது.

செப்டம்பர் 24

அத்தைக்குக் காய்ச்சல். இன்று வரி கேட்கவில்லை.

செப்டம்பர் 25

சுவருக்குக் காலை, மதியம், மாலை தண்ணீர் விட்டேன்.

செப்டம்பர் 27

31 வரி. கல் 450 மிச்சம், இன்னும் நாலு வரிக்குப் போதும். தஞ்சாவூர் போய் வந்தேன். கேட்கவில்லை. நானே காதருகில் போய், "முப்பத்தொண்ணு அத்தை" என்றேன். கண்ணைத் திறந்து பார்த்தார்.

மேற்குச் சுவரில் இன்னும் ஒன்பது கல் மாற்ற வேண்டும். கடுக்காய்த் தண்ணீர் தீர்ந்துவிட்டது, மறுபடியும் ஊறப்போட்டிருக்கிறேன்.