ரோபோ கமகம்

ஷேர் ஆட்டோவில் எதிர்சீட்டில் ஒரு குட்டிப்பெண். ஸ்பீக்கரில் ஓடிய பாட்டைக் கூடவே பாடிக்கொண்டு வந்தாள்.

ஒரு இடத்தில் பாடகரின் குரல் படிக்கட்டில் தடுக்கியதுபோல டக் டக்கென்று உடைந்தது. இவளும் தொண்டையை இறுக்கி அதே மாதிரி உடைத்தாள்.

"ஒழுங்காப் பாடுடி" என்றார் அம்மா.

"பாட்டே அப்படித்தாம்மா!"

குரல் அப்படி உடையக் காரணம் ஆட்டோ-டியூன். எண்ணெய் வளம் தேட நில அதிர்வுத் தரவுகளை அலசிய ஆண்டி ஹில்டெபிராண்ட் உருவாக்கி, 1997இல் வந்த மென்பொருள். விலகிய சுருதியை யாருக்கும் தெரியாமல் ஒட்டுப்போடத்தான் வந்தது. திருத்தும் வேகத்துக்கென்று அதில் ஒரு திருகு உண்டு. அதைப் பூஜ்யத்தில் வைத்தால் குரல் வழுக்காது, சுரத்துக்குச் சுரம் தாவும். 1998இல் அமெரிக்கப் பாடகி ஷெர் பாடிய 'பிலீவ்' இந்தத் தாவலோடுதான் உலகம் சுற்றியது. தயாரித்தவர்களோ வேறொரு கருவியின் பெயரைச் சொல்லி ரகசியம் காத்தார்கள்.

சரி, ஒரு பாட்டில் ஜோராகத்தான் இருந்தது. இப்போது சோகப் பாட்டிலும் ரோபோவே அழுகிறது. கமகம் என்று சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிப் போவதுதானே நம் பாட்டில் பாதி அழகு!

இறங்கும்போது அந்தப் பெண், "அண்ணே, நிறுத்துங்க" என்றாள்.

அதையும் உடைத்துத்தான்.