நான்காவது முறை உயர்ந்த கை

எங்கள் சபையில் மாதத்தின் மூன்றாம் ஞாயிறு பிரசங்கம் என் பொறுப்பு. நான் முழுநேர ஊழியன் அல்ல, கணக்கு எழுதிப் பிழைப்பவன். பல வருடங்களாக என் பிரசங்கங்கள் எல்லாம் ஒரே இடத்தில்தான் முடிந்தன: கண்களை மூடுங்கள், இயேசுவை ஏற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் கையை உயர்த்துங்கள். நோவாவில் தொடங்கினாலும் நெகேமியாவில் தொடங்கினாலும் அங்கேதான் வந்து நிற்பேன். இரண்டு கைகள் உயர்ந்தால் அந்த வாரம் முழுவதும் எனக்கு நிம்மதி.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஓர் அக்கா அருகில் வந்தார். "தம்பி, உங்கள் அழைப்புக்கு நான் கையைத் தூக்குவது இது நான்காவது முறை. முதல் முறையே மனப்பூர்வமாகத்தான் தூக்கினேன். என் தங்கையோடு பேசி ஆறு வருடம் ஆகிறது. மன்னிக்க வேண்டும் என்று தெரிகிறது, எப்படி என்று தெரியவில்லை. அதனால் திரும்பத் திரும்பக் கையைத் தூக்குகிறேன்."

ஜெபித்து அனுப்பினேன். ஜெபம் நல்லதுதான், ஆனால் அன்று அது நான் தப்பித்த வழி.

இந்நேரம் போதகராயிருக்க வேண்டியவர்கள் இன்னும் பால் குடிக்கிறீர்களே என்று எபிரெயர் 5-ம் அதிகாரம் கடிந்துகொள்கிறது. கேட்கிறவர்களுக்கு விழுந்த அடி என்றே அதுவரை அதை வாசித்திருந்தேன். அடிப்படைப் போதனை என்ற பாலைத் தவிர வேறெதையும் பரிமாறாதவன் நான்தானே! பவுல் கொரிந்துவில் ஒன்றரை வருடம் தங்கிப் போதித்தார். எபேசுவில் திறன்னு என்பவருடைய வித்தியாசாலையில் இரண்டு வருடம், அதுவும் அநுதினமும். என் கணக்கில் வருடத்துக்குப் பன்னிரண்டு அழைப்புகள் மட்டுமே இருந்தன.

உடனே மறுகோடிக்கு ஓடினேன். பவுல் ரோமாபுரி விசுவாசிகளுக்கு எழுதிய ரோமர் நிருபம், வசனம் வசனமாக. கிரேக்க வேர்ச்சொற்கள் வேறு. குறிப்பெடுக்கும் பழக்கமுள்ளவர்கள் மகிழ்ந்துபோனார்கள். மூன்றாம் அதிகாரத்துக்கு வந்த நாளில் ஓர் இளைஞர் நண்பரோடு முதல்முறையாக வந்திருந்தார். பாவத்துக்குப் பரிகாரமான பலியைக் குறிக்கும் கிருபாதாரபலி என்ற ஒரு சொல்லை நாற்பது நிமிடம் விளக்கினேன். வெளியே போகும்போது அவர், "இயேசு ஏன்தான் சாக வேண்டியிருந்தது?" என்று நண்பரிடம் கேட்டாராம். நான் அன்று பேசியதே அதைப் பற்றித்தான்.

மூப்பர் ஒருவர் ஒரு மாதம் புதியவர்களுக்குச் சுவிசேஷம் என்ற நற்செய்தி, ஒரு மாதம் விசுவாசிகளுக்கு உபதேசம் என்று பிரித்துக்கொள்ளச் சொன்னார். எனக்கு அது ஒப்பவில்லை. புதிதாக வருகிறவர் நம் அட்டவணையைப் பார்த்துக்கொண்டா வருகிறார்?

விடை அதே ரோமரில், நான் வேகமாகத் தாண்டி வந்த முதல் அதிகாரத்தில் இருந்தது. 7-ம் வசனத்தில் பவுல் வாழ்த்துவது பரிசுத்தவான்களாகும்படி அழைக்கப்பட்டவர்களை. 15-ம் வசனத்தில் அதே ஆட்களுக்குச் சுவிசேஷத்தைப் பிரசங்கிக்க விரும்புவதாக எழுதுகிறார். ஏற்கெனவே விசுவாசித்தவர்களுக்கு! அதன்பின் அவருடைய புத்திமதிகளை வேறு கண்ணோடு வாசித்தேன். கொரிந்தியரிடம் தர்மப்பணம் கேட்கும்போது, ஐசுவரியமுள்ள கிறிஸ்து நமக்காகத் தரித்திரரானதை நினைவூட்டுகிறார். எபேசியரை மன்னிக்கச் சொல்லும்போது, கிறிஸ்துவுக்குள் தேவன் மன்னித்ததைக் காட்டுகிறார். நான் வாசற்படியிலேயே வைத்துவிட்டு வந்த சுவிசேஷத்தை அவர் வீட்டின் ஒவ்வொரு அறைக்கும் எடுத்துச் செல்கிறார்.

அடுத்த மூன்றாம் ஞாயிறு, பிலேமோன் என்பவருக்குப் பவுல் எழுதிய நிருபத்தை எடுத்தேன். மொத்தமே 25 வசனங்கள். பிலேமோனைவிட்டுப் பிரிந்துபோன அவருடைய அடிமை ஒநேசிமுவை ஏற்றுக்கொள்ளும்படி பவுல் கெஞ்சுகிறார். அவன் பட்ட கடன் ஏதாவது இருந்தால் "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்கிறார். கணக்கு எழுதுகிறவனுக்கு அந்த வரியை விளக்க வேர்ச்சொல் தேவைப்படவில்லை. கடன் மறைந்துபோவதில்லை, வேறொருவர் பெயரில் பற்று எழுதப்படுகிறது. சிலுவையில் நடந்தது அதுதான் என்றேன். நம்மிடம் கடன்பட்டவரை நாம் என்ன செய்யப்போகிறோம் என்றும் கேட்டேன். அன்று கையுயர்த்தச் சொல்லவில்லை. விரும்புகிறவர்கள் என்னோடு உட்கார்ந்து பேசலாம் என்றேன். அழைப்பை நான் அடியோடு விட்டுவிடவில்லை; பேசிய வேதப்பகுதியே அதைக் கேட்டால் இப்போதும் கொடுக்கிறேன்.

இருவர் உட்கார்ந்தார்கள். ஒருவர் புதியவர். மற்றவர் அந்த அக்கா. தங்கையின் தொலைபேசி எண்ணை உறவினர் ஒருவரிடம் வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னார். இன்னும் பேசவில்லையாம். முதல் வாக்கியம் எப்படித் தொடங்குவது என்று கேட்டார். அன்று ஒரு மணி நேரம் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.