தைலம் வேண்டாம், விரல் போதும்

அயர்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் கிரேஹவுண்ட் பந்தய நாய்களுக்கு ஓட்டம் முடிந்ததும் தைலம் தேய்த்து நீவிவிடுவது பழைய வழக்கம். விண்டர்கிரீன் என்ற செடியின் எண்ணெய், கற்பூரம், காம்ஃப்ரே என்ற மூலிகையின் இலை என்று பலதும் சேரும். ஆனால் கிரேஹவுண்டின் தோல் ரொம்ப மெல்லியது. நாயோ தேய்த்ததை உடனே நக்கிவிடும். விண்டர்கிரீனில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரினுக்கு நெருங்கிய உறவு. உள்ளே போனால் வயிற்றைப் புண்ணாக்கும். கற்பூரமும் நாய்க்கு விஷம்தான்.

எனக்கு மரியாதையெல்லாம் தேர்ந்த பயிற்சியாளரின் விரல்கள் மேல்தான். தொடைத் தசையை மெல்லத் தடவிக்கொண்டே போவார். வலிக்கிற இடம் வந்ததும் தசை சட்டென்று இறுகும், நாய் தலையைத் திருப்பிப் பார்க்கும்.

அப்புறம், பந்தயப் பாதையில் இடப்பக்கமாகவே வளைந்து ஓடுவதால் வலது பின்காலின் கணு எலும்பு உடைவது இந்த நாய்களுக்குச் சகஜம். அதன் மேல் சூடேற்றும் தைலத்தைத் தேய்ப்பது கொடுமை. உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.