தூரைப் பார்க்காமல் மருந்து வாங்காதீர்கள்

2018 நவம்பர் 16, கஜா புயல் அடித்த விடியலில் எங்கள் கொல்லையில் பதினொரு தென்னையில் ஒன்பது சாய்ந்துவிட்டன. மிஞ்சிய இரண்டில் ஒன்றைப் போன வாரம் வெட்டினோம். அம்மா கல்யாணமாகி வந்த வருஷம் வைத்தது. மெஷின் ரம்பம் சத்தம் கேட்டதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடிமட்டைகள் பழுத்துத் தொங்கி, குரும்பை கொட்டி, தண்டில் செம்பழுப்பாகச் சாறு வடிந்தபோதே உரக்கடைக்கு ஓடினேன். "கூன்வண்டுதாண்ணே" என்று, தண்டைத் துளைக்கும் அந்தப் பூச்சிக்கு வேரில் கட்டும் மருந்தைக் கொடுத்துவிட்டார் கடைக்காரர். சாறு எங்கே வடிகிறது, ஓட்டை இருக்கிறதா, ஒன்றும் கேட்கவில்லை. அந்த மருந்து கட்டினால் 45 நாள் இளநீர், தேங்காய் எதையும் தொடக்கூடாது. அதையும் சொல்லவில்லை. பக்கத்துக் கொல்லை மாமா சொல்லித் தடுக்காவிட்டால் அம்மா பேரனுக்கு இளநீர் சீவிக் கொடுத்திருப்பார். நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

இரண்டு மாதம் வீணாகி, வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனேன். போனில் இருந்ததெல்லாம் கொண்டைப் படம். "தூர் படம் இல்லையா சார்?" என்றார் அங்கிருந்தவர். ஒரு நாள் போச்சு. வீட்டுக்கு வந்து தூரில் அண்டிக் கிடந்த மட்டைகளை விலக்கினேன். தரையை ஒட்டி அரைவட்டமாக ஒரு காளான். மேலே அரக்கு பூசியது போலப் பளபளப்பு, விளிம்பு வெள்ளை.

படத்தைப் பார்த்ததுமே நிலையத்துக்காரர் சொல்லிவிட்டார்: அடித்தண்டழுகல். தஞ்சாவூர் வாடல் என்று நம் ஜில்லா பேரிலேயே இருக்கும் நோய். கூன்வண்டென்றால் தண்டில் ஓட்டையும் சக்கையும் இருக்கும். இதில் கசிவு தூரில் தொடங்கி மேலே ஏறும். காளான் வரை வந்துவிட்ட மரம் தேறாது.

வெட்டியவர் அடிக்கட்டையை விட்டுவிட்டுக் கிளம்பப் பார்த்தார். விடாதீர்கள். பூசணம் அதில் உயிரோடு இருந்து மண் வழியாக அடுத்த மரத்தைப் பிடிக்கும். வேரோடு பெயர்த்து எரித்தோம். கூலி பேசும்போதே இதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

மிஞ்சிய ஒற்றை மரத்துக்குத் தூரைச் சுற்றி 1 சதவீத போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) 40 லிட்டர் ஊற்றினேன். காய்களை முழுக்கப் பறித்துவிட்டு, 100 மில்லி தண்ணீரில் ஹெக்சகோனசோல் என்ற பூசண மருந்து 2 மில்லி கலந்து, பையில் ஊற்றி வேரில் கட்டினேன். பென்சில் கனத்தில் உயிருள்ள வேராகப் பார்த்துச் சாய்வாகச் சீவணும். முதலில் கட்டியது செத்த வேர் போல. மறுநாளும் பை அப்படியே கனத்தது. வேறொரு வேரில் கட்டினேன். காலையில் நான் எழுவதற்குள் அம்மா பார்த்துவிட்டு வந்து எழுப்பினார்: "பை காலிடா." மூன்று மாதம் கழித்து மறுபடி கட்டணும்.