அப்பாவின் கூத்துக்கு அப்பாவின் பெயரை வாங்க அலைந்த அலைச்சல்

அப்பா எழுதிய கூத்து, அவருடைய பெயரே இல்லாமல் புத்தகமாக வந்தது. இப்போது பெயர் போட வைத்துவிட்டேன். ஆனால் நான் அலைந்ததில் பாதி, பொறுப்பான இடத்தில் இருந்தவர்கள் தவறாகச் சொன்னதால் வந்த அலைச்சல். வன்னியில் எத்தனையோ அண்ணாவிமார், அதாவது கூத்துப் பழக்கும் ஆசான்மார் வீடுகளில் கூத்து எழுதிய கொப்பிகள் கிடக்கின்றன. அந்தப் பிள்ளைகளாவது இப்படி அலையக்கூடாது.

அப்பா ஒட்டுசுட்டான் பக்கத்து அண்ணாவியார். வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் கதையைக் கூத்தாக எழுதி, ஊர்ப் பிள்ளைகளுக்குப் பழக்கி மேடையேற்றினார். அவர் காலமான பிறகு வெளியிலிருந்து ஒரு குழு வந்து, பழைய கூத்தர்களைப் பாட வைத்துக் காணொளியாகப் பதிவு செய்தது. பிறகு புத்தகமும் போட்டார்கள். அட்டையில் குழுப் பொறுப்பாளரின் பெயர், உள்ளே ‘வாய்மொழி மரபிலிருந்து தொகுத்தது’ என்று ஒரு வரி. நன்றி சொன்ன பக்கத்தில்கூட அப்பா இல்லை.

போன் எடுத்துக் கேட்டேன். “கூத்து எண்டால் ஊர்ச்சொத்துத்தானே அக்கா, அதுக்கு ஆர் உரிமை கேக்கிறது?” என்றார் அந்தப் பொறுப்பாளர்.

இந்தப் பதிலைக் கேட்டு வாயடைத்துப் போகிறவர்கள்தான் அதிகம், ஏனென்றால் அதில் பாதி சரி. 1803இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கியது வரலாறு, அதை யாரும் எழுதலாம். கூத்து மெட்டுகள் தலைமுறை தலைமுறையாக வந்தவை, அவையும் பொது. ஆனால் அந்த மெட்டுக்குள் அப்பா இரவிரவாக இருந்து கட்டிய வரிகள் அவருடையவை. எண்ணத்துக்கும் செய்திக்கும் சட்டத்தில் பாதுகாப்பு இல்லை. அதை ஒருவர் எந்தச் சொல்லில், எந்த வடிவத்தில் சொன்னாரோ அதற்குத்தான் பாதுகாப்பு. இதை எனக்கு விளங்கப்படுத்தியவர் ஒரு சட்டத்தரணி. அவரிடம் போய்ச் சேர்வதற்குள் பட்ட பாடுதான் பெரிது.

முதலில் எங்கள் மாவட்டத்திலேயே ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மேசையிலிருந்த உத்தியோகத்தர் கொப்பியைத் தொட்டும் பார்க்கவில்லை. “பதிப்புரிமைப் பதிவுச் சான்றிதழ் இருக்கோ? இல்லாட்டி ஒண்டும் செய்யேலாது” என்றார். எங்கே பதிவது என்று கேட்டால், “கொழும்பில”. அவ்வளவுதான். வெளியே வந்தால், பதிந்து தருவதாகச் சொல்லிக் காசு கேட்க ஓர் ஆள் நிற்கிறார். தயவு செய்து இப்படியானவர்களிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

மாங்குளத்தில் ரயில் ஏறிக் கொழும்பு போனேன். தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விசாரித்தபோது விஷயம் தெளிவாகியது. வியாபாரக் குறி, புத்தாக்க உரிமை (பேற்றன்ற்), கைத்தொழில் வடிவமைப்பு இவற்றை அங்கே பதியலாம். பதிப்புரிமைக்குப் பதிவே இல்லை, தேவையும் இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படைப்பு உருவான கணத்திலிருந்தே உரிமை வந்துவிடுகிறது. எழுதியவர் இருக்கும் வரையும், இறந்த பின் 70 வருடமும் அது நிற்கும். அப்படியானால் இல்லாத ஒரு சான்றிதழைக் கேட்டுத்தான் என்னை முன்னூறு கிலோமீற்றர் அனுப்பியிருக்கிறார்கள். திரும்பி வரும்போது ரயிலில் அழுகையே வந்தது.

சான்றிதழ் தேவையில்லை, சரி. ஆனால் அப்பாதான் எழுதினார் என்று காட்ட ஆதாரம் வேண்டுமே. அவருடைய மூலக் கொப்பிகள் 2009இல் போரில் இடம்பெயர்ந்தபோது டிரங்குப் பெட்டியோடு போய்விட்டன. எங்களிடம் இருந்தது பிறகு ஞாபகத்தில் எழுதிய ஒன்று. அப்பாவிடம் பழகியவர்களை ஒவ்வொருவராகத் தேடினேன். முள்ளியவளையில் ஒரு மாமா, அப்பாவே கைப்பட எழுதிக் கொடுத்த கொப்பியைப் பொலித்தீனில் சுற்றி, முகாம் வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்திருந்தார். அதற்குள் கூத்து மேடையேறியபோது அடித்த ஒரு பழைய நோட்டீஸ், அதில் ‘பாடல் ஆக்கம், நெறியாள்கை’ என்று அப்பாவின் பெயர் அச்சில்! அந்தத் துண்டுக் கடதாசிக்கு முன்னால் எந்தச் சான்றிதழும் நிற்காது. மாமா சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசியும் முடித்துத் தந்தார்.

பிறகு இன்னொரு தடங்கல். மரணச் சான்றிதழில் அப்பாவின் முதலெழுத்து நோட்டீஸில் உள்ளதோடு ஒத்துவரவில்லை. இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று கிராம சேவையாளரிடம் கடிதம் எடுத்தோம். உரிமை இப்போது பிள்ளைகள் எல்லோருக்கும் வருவதால், சகோதரங்களின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கினேன். வெளிநாட்டில் இருக்கும் தம்பியின் கையெழுத்துத்தான் பிந்தியது.

சட்டத்தரணி கடிதம் எழுதும்போது இரண்டு விஷயத்தைப் பிரித்தார். அச்சிடவும் மேடையேற்றவும் விற்கவும் அனுமதிப்பது பொருளாதார உரிமை. எழுதியவரின் பெயரைச் சொல்வதும், படைப்பைச் சிதைக்காமல் விடுவதும் ஒழுக்க உரிமை. முதலாவதை விற்றாலும் இரண்டாவது எழுதியவரோடுதான் இருக்கும், அவர் இறந்தபின் அதைக் கேட்பது குடும்பம். அப்பா கூத்துக்காகக் காசு கேட்டதே இல்லை. யார் வந்து கேட்டாலும் எழுதிக் கொடுப்பார். அதற்காக அவருடைய பெயரையும் கொடுத்துவிட்டார் என்று ஆகுமா? அதனால் பெயரைத்தான் முதலில் கேட்டோம்.

கொப்பியின் பிரதியும் நோட்டீஸின் பிரதியும் சேர்த்துப் பதிவுத் தபாலில் போனது. ஊர்ச்சொத்து என்ற பேச்சு அதோடு நின்றது. மிச்சமிருந்த பிரதிகளில் பெயர் ஒட்டினார்கள், அடுத்த பதிப்பில் அட்டையிலேயே போடுவதாக ஒப்பந்தமும் எழுதினோம். ஒப்பந்தத்தில் இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சில் உரிமை கைமாறாது, எழுத்தும் கையெழுத்தும் வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. எத்தனை பிரதி, எந்த வடிவம், எவ்வளவு காலம் என்பதையும் எழுதுங்கள். ‘எல்லா உரிமையும் வெளியீட்டாளருக்கே’ என்ற வரி இருந்தால் வெட்டச் சொல்லுங்கள். ஐஎஸ்பிஎன் எடுத்தாயிற்று, இனி உரிமை எங்களுக்குத்தான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது புத்தகத்தை அடையாளம் காண்கிற எண் மட்டுமே.

கொப்பி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். திகதியோடு ஒரு தடயம் இருக்கும், பெட்டி போனாலும் வரிகள் போகாது.

காணொளி இன்னும் தீரவில்லை. அதில் பாடிய கூத்தர்களுக்கும் தங்கள் நிகழ்த்துகை மீது தனியாக உரிமை இருக்கிறது. அவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமலே பதிவு செய்திருக்கிறார்கள். இரண்டாவது கடிதம் அவர்களுடைய கையெழுத்துகளோடு போகிறது.