மின்னல் தொடாத பாறை

பஸ்ஸில் இரண்டு சிறுவர்கள் போகிமான் விளையாட்டைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். அதில் சண்டை போடும் ஒவ்வொரு உயிரினத்துக்கும் பாறை, நிலம், மின்சாரம் என்று வகை உண்டு.

"பாறைக்குள் மின்சாரம் பாயாதுடா" என்றான் பெரியவன்.

"பாறையில் பாயும் அண்ணா. ஓனிக்ஸ் வெறும் பாறை இல்லை, நிலமும்கூட. நிலத்திடம்தான் மின்சார வகைப் பிகாச்சுவின் மின்னல் பூஜ்யம்!" பஸ் கம்பியை விட்டுவிட்டு, விரல்களை வளைத்துப் பூஜ்யம் காட்டினான் சின்னவன்.

சின்னவன் சொன்னதுதான் சரி. (எனக்கு வயது 40. வாயை மூடிக்கொண்டேன்.)

1996இல் வந்த முதல் போகிமான் விளையாட்டில், மனோசக்தி வகைக்குப் பேய் என்றால் பயம் என்று ஒரு பாத்திரமே சொல்லும். அதை நம்பிப் பேய் வகையை இறக்கி 'லிக்' (நாக்கால் நக்கும் பேய்த் தாக்குதல்) அடித்தால், ஒன்றும் ஆகாது. கணக்கில் பிழை. 1999இல் வந்த அடுத்த தலைமுறையில்தான் சரிசெய்தார்கள்.

இதற்காகப் பள்ளி நண்பனோடு ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறேன். அவன் அந்தப் பாத்திரத்தின் பேச்சை நம்பினான். நான் அடித்துப் பார்த்திருந்தேன்.